மருத்துவமனை வளாகத்துக்கு ஒரே குளிர்–வெப்ப நிலையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல மருத்துவமனைகள் அடுத்தடுத்து நிற்கும் பெரிய வளாகங்களில், ஒவ்வொரு கட்டடமும் தனக்கென்று சில்லரும் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) பாய்லரும் (கொதிகலன்) வைத்துக்கொள்ளத் தேவையில்லை. ஒரே நிலையம் குளிர்நீரையும் நீராவியையும் தயாரித்து, தரைக்கடியில் ஓடும் குழாய்களில் எல்லோருக்கும் அனுப்பலாம். அமெரிக்காவில் ஹூஸ்டனின் டெக்சஸ் மெடிக்கல் சென்டரும் பாஸ்டனின் லாங்வுட் மருத்துவப் பகுதியும் இப்படித்தான் இயங்குகின்றன. இந்த நிலையங்களைப் பற்றி மருத்துவமனை ஊழியர்கள், பொறியியல் மாணவர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள் எனப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள் உள்ளன.

நிலையத்துக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

குளிர்ச்சியை யாரும் உற்பத்தி செய்வதில்லை. கட்டடத்துக்குள் இருக்கும் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்த் தள்ளுகிறார்கள், அவ்வளவுதான். மருத்துவமனைகளைச் சுற்றிவிட்டு 12 முதல் 14 டிகிரி செல்சியஸில் திரும்பி வரும் தண்ணீரை, சில்லர் 5 முதல் 7 டிகிரிக்கு இறக்கித் திருப்பி அனுப்புகிறது. அப்படிப் பிடுங்கிய வெப்பம் கண்டன்சர் என்ற பகுதியில் இன்னொரு தண்ணீருக்குக் கைமாறும். அந்தத் தண்ணீர் மொட்டை மாடியிலோ நிலையத்தின் பின்புறத்திலோ உள்ள கூலிங் டவருக்குப் போய், கொஞ்சம் ஆவியாகி, வெப்பத்தை வானத்தில் விட்டுவிட்டுத் திரும்பும். இன்னொரு பக்கம் பாய்லர்கள் நீராவியோ வெந்நீரோ தயாரிக்கும். இவற்றுக்கு நடுவே பெரிய பெரிய பம்புகள். பார்க்க வருபவர்களின் கண் சில்லரில்தான் நிற்கும். ஆனால் நிலையம் நன்றாக ஓடுகிறதா என்று தெரிய நான் முதலில் பார்ப்பது பம்பு எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதைத்தான். காரணம் கீழே வரும்.

குழாயில் குளிர்ந்த காற்று வருகிறதா?

இல்லை, தண்ணீர்தான். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டிகிரி ஏறும்போது சுமக்கும் வெப்பம், அதே அளவு காற்று சுமப்பதைப்போல் சுமார் 3,500 மடங்கு. காற்றாக அனுப்பினால் தெருவையே குழாயாக்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் ஒரு மருத்துவமனையின் கிருமி இன்னொன்றுக்குப் பரவாதா?

இந்த வழியாகப் பரவாது. பெரும்பாலான இடங்களில் நிலையத்துத் தண்ணீர் கட்டடத்தின் அடித்தளத்தில் உள்ள வெப்பப் பரிமாற்றியோடு நின்றுவிடும். தகட்டின் ஒரு பக்கம் நிலையத்துத் தண்ணீர், மறுபக்கம் கட்டடத்தின் சொந்தத் தண்ணீர். வெப்பம் மட்டும் தாண்டும். பரிமாற்றி இல்லாமல் நேராக இணைத்த இடங்களிலும் தண்ணீர் மூடிய குழாயிலேயே ஓடுகிறது; வார்டுக் காற்றைத் தொடுவதில்லை. வார்டில் சுற்றும் காற்று அந்தந்தக் கட்டடத்தின் ஏர் ஹேண்ட்லர் (காற்றைப் பதப்படுத்தி அறைகளுக்கு ஊதும் இயந்திரம்), ஃபில்டர் ஆகியவற்றின் பொறுப்பு. கிருமி பற்றிய நியாயமான கவலை ஒன்று உண்டு. அது கூலிங் டவரைப் பற்றியது, தனியாகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

ஐந்து மருத்துவமனைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் உச்சவேளையில் இரண்டு சில்லர் தேவை. ஒன்று கெட்டாலும் நோயாளி வியர்க்கக் கூடாது என்பதால் உபரியாக இன்னொன்று. ஆக மொத்தம் 15. இதையே ஒரே இடத்தில் வைத்தால் பத்து சில்லரும் உபரியாக இரண்டும் போதும். பத்துகூட வேண்டியிருக்காது. ஆய்வுக்கூடக் கட்டடத்தின் உச்சவேளையும் உள்நோயாளிக் கட்டடத்தின் உச்சவேளையும் ஒரே நிமிடத்தில் வருவதில்லை. பெரிய இயந்திரங்களின் திறனும் அதிகம். நன்றாகப் பராமரித்த பெரிய சென்ட்ரிஃபியூகல் சில்லர் ஒரு டன் குளிர்ச்சிக்குச் சுமார் 0.6 கிலோவாட் மின்சாரம் எடுக்கும். சின்ன ஏசி அதன் இருமடங்கை நெருங்கும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு, அதை மறைப்பதில் அர்த்தமில்லை. எல்லாரும் ஒரே கிணற்றை நம்பியிருக்கிறார்கள். நிலையமோ பிரதானக் குழாயோ விழுந்தால் ஒரு மருத்துவமனை மட்டும் தவிக்காது, எல்லாம் சேர்ந்து தவிக்கும். அதனால்தான் இங்கே செலவாகும் பணத்தில் பெரும்பகுதி குளிர்விப்பதற்காக ஆவதில்லை, நிற்காமல் இருப்பதற்காக ஆகிறது. குழாய்களை வளையமாகப் போட்டு, ஒரு பக்கம் உடைந்தால் மறுபக்கத்திலிருந்து ஊட்டும்படி அமைப்பதும், இரண்டு வேறு துணைமின் நிலையங்களிலிருந்து மின்சாரம் எடுப்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

"டன்" என்கிறீர்களே, அது எடையா?

குளிரூட்டும் திறனின் அளவு. ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பத்தின் வேகம், 3.517 கிலோவாட். படுக்கையறை ஏசி ஒன்று, ஒன்றரை டன் இருக்கும். ஹூஸ்டன் மாதிரி வளாகங்களில் இது பல பத்தாயிரங்களில் போகும்.

வெயில் கொளுத்தும்போதும் பாய்லர் ஓடுகிறதே, வீண் இல்லையா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். மூன்று காரணங்கள். இரண்டு எளிது: அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு நீராவி வேண்டும், குளியல், சமையல், சலவை எல்லாவற்றுக்கும் வெந்நீர் வேண்டும். மூன்றாவதுதான் பலருக்கு விளங்குவதில்லை.

ஆபரேஷன் தியேட்டரின் காற்றை மணிக்கு 20 முறை மாற்ற வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்கத் தரம். காற்றுவழி பரவும் நோய்களுக்கான தனிமை அறையில் இது 12 முறை. இவ்வளவு காற்று ஓடும்போது அதன் ஈரப்பதம் கட்டுக்குள் இருக்க வேண்டும். தியேட்டரில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிய எளிய வழி, அதை 12, 13 டிகிரிக்குக் குளிர்விப்பது. அப்போது ஈரம், குளிர்நீர் ஓடும் காயிலில் (சுருள்குழாயில்) நீராக வடிந்துவிடும். ஆனால் 12 டிகிரிக் காற்றை அப்படியே மணிக்கு 20 முறை அறைக்குள் விட்டால் மேசையில் படுத்திருப்பவர் விறைத்துப்போவார். மயக்கத்தில் இருப்பவரின் உடல் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் தடுமாறும். அதனால் பிழிந்த காற்றை மறுபடி சூடாக்கி உள்ளே விடுகிறார்கள். வெளியே 38 டிகிரி அடிக்கும் மதியத்தில், ஒரே காற்றை ஒரே கட்டடத்தில் முதலில் குளிர்வித்து அப்புறம் சூடாக்குகிறோம்.

அலுவலகக் கட்டடத்தில் இதைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். அங்கே காற்றின் அளவைக் குறைத்தாலே போதும். மருத்துவமனையில் காற்றின் அளவு விதியால் கட்டப்பட்டது, குறைக்க முடியாது. தியேட்டர் காலியாக இருக்கும் இரவு நேரத்தில் காற்று மாற்றத்தைக் குறைக்கலாம். அறையின் அழுத்தம் மாறாமல் பார்த்துக்கொண்டால் அனுமதி உண்டு. பல மருத்துவமனைகள் இந்த ஒரு வசதியைக்கூடப் பயன்படுத்துவதில்லை. எந்தப் புது இயந்திரமும் வாங்காமல் மிச்சம் பிடிக்கக்கூடிய முதல் இடம் இதுதான் என்பேன்.

அப்படியானால் தூக்கி எறியும் வெப்பத்தையே திரும்பப் பயன்படுத்தக் கூடாதா?

கூடும். ஆனால் சாதாரண சில்லரில் முடியாது. அதன் கண்டன்சர் தண்ணீர் 29 முதல் 35 டிகிரியில்தான் இருக்கும். வெந்நீராகப் பயன்படுத்த அந்தச் சூடு போதாது. வெப்ப மீட்புச் சில்லர் என்று ஒரு வகை உண்டு. கொஞ்சம் கூடுதல் மின்சாரம் எடுத்துக்கொண்டு, ஒரு பக்கம் 6 டிகிரி குளிர்நீரும் மறுபக்கம் 60 டிகிரிக்கு மேல் வெந்நீரும் ஒரே நேரத்தில் தரும். கூலிங் டவரில் ஆவியாகும் தண்ணீரும் மிச்சம்.

பெரிய அளவில் இதைச் செய்துகாட்டிய இடம் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம். மருத்துவமனைகளையும் சேர்த்து வளாகம் முழுவதற்கும் நீராவி கொடுத்துக்கொண்டிருந்த எரிவாயு நிலையத்தை மூடிவிட்டு, 2015-ல் வெப்ப மீட்புச் சில்லர்களுக்கு மாறினார்கள். நீராவிக் குழாய்களுக்குப் பதிலாக மைல் கணக்கில் வெந்நீர்க் குழாய்களைப் புதைத்தார்கள். குளிர்ச்சியும் வெப்பமும் ஆண்டில் பெரும்பாலான நாட்களில் ஒரே நேரத்தில் தேவைப்படுகின்றன என்று மணிவாரியாகக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே இதில் இறங்கினார்கள். அந்தக் கணக்கைப் போடாமல் இயந்திரத்தை மட்டும் பார்த்து வாங்கினால், குளிர்காலத்தில் மீட்க வெப்பமில்லாமல் அது சும்மா நிற்கும்.

நீராவியில் என்ன பிரச்சினை? நூறு வருஷமாக ஓடுகிறதே?

நூற்றுக்கும் மேல். பெர்ட்சில் ஹோலி என்பவர் நியூயார்க் மாநிலத்தின் லாக்போர்ட்டில் 1877-ல் குழாய்வழி நீராவியைத் தொடங்கினார். நீராவிக்கு உண்மையிலேயே நல்ல குணங்கள் உண்டு. ஒரு கிலோ நீராவி தண்ணீராக மாறும்போது, வளிமண்டல அழுத்தத்தில் 2,257 கிலோஜூல் வெப்பத்தைக் கொட்டும். தன் அழுத்தத்திலேயே ஓடும், பம்பு வேண்டாம். ஆட்டோகிளேவ் 121 அல்லது 134 டிகிரியில் வேலை செய்வதால் அதற்கு வேறு நல்ல மாற்றும் இல்லை.

சிக்கல் குழாயில்தான் இருக்கிறது. போகிற வழியில் கொஞ்சம் நீராவி குளிர்ந்து தண்ணீராகும். அதை வெளியேற்ற ஆங்காங்கே ஸ்டீம் ட்ராப் இருக்கும். ட்ராப் திறந்த நிலையில் கெட்டால் நீராவி ஓசையில்லாமல் வீணாகும். மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. மூடிய நிலையில் கெட்டால் அதைவிட மோசம். தேங்கிய தண்ணீரை நீராவி உந்தித் தள்ளி, வளைவில் கொண்டுபோய் மோதும். 2007 ஜூலை 18 அன்று நியூயார்க்கின் லெக்சிங்டன் அவென்யூவில் 1924-ல் புதைத்த நீராவிக் குழாய் வெடித்துத் தெருவில் பெரும் பள்ளம் விழுந்தது இப்படித்தான். ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். மழைநீரும் கசிவுநீரும் சூழ்ந்து குழாயைக் குளிர்வித்ததும், அடைபட்ட ட்ராப்பும் சேர்ந்து செய்த வேலை அது.

என் கருத்து இது: புதிதாகக் கட்டும் வளாகத்தில் நீராவியை ஊர் முழுக்க ஓட்டாதீர்கள். சூடாக்குவதற்கு வெந்நீரை அனுப்பிவிட்டு, ஆட்டோகிளேவ் இருக்கும் கட்டடத்தில் மட்டும் சின்ன நீராவி ஜெனரேட்டர் வையுங்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. நிலையத்துப் பாய்லர் தண்ணீரில் துரு தடுக்க இரசாயனங்கள் கலப்பார்கள். அறுவைக் கருவிமேல் அது படுவது யாருக்கும் பிடிக்காது. கட்டடத்திலேயே சுத்தமான தண்ணீரிலிருந்து நீராவி எடுத்தால் அந்தப் பேச்சே எழாது.

மின்சாரம் போனால் என்ன ஆகும்?

மருத்துவமனையின் உயிர்காக்கும் சுற்றுகளுக்கு 10 வினாடிக்குள் ஜெனரேட்டர் வந்துவிட வேண்டும். விளக்கு, வென்டிலேட்டர் எல்லாம் அதில் அடங்கும். சில்லர் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. அது தின்னும் மின்சாரம் அப்படி. ஒரு நொடி மின்சாரம் தடுமாறினாலும் பெரிய சில்லர் நின்றுவிடும். மறுபடி முழு வேகத்துக்கு வரப் பல நிமிடங்கள் பிடிக்கும். வார்டில் படுத்திருப்பவருக்கு அந்த நிமிடங்கள் தெரியாது. சர்வர் அறையில் தெரியும். எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்கும் தெரியும்: அதன் காந்தம் மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்கிறது. அந்த ஹீலியம் ஆவியாகாமல் காக்கும் கம்ப்ரசருக்குக் குளிர்நீர் வேண்டும். நீண்ட நேரம் கிடைக்காவிட்டால் விலையுயர்ந்த ஹீலியம் மெல்ல மெல்ல வெளியேறும்.

இந்த இடைவெளியைக் கடக்க உதவுவது குளிர்நீர்த் தொட்டி. நிலையத்தில் உள்ள எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அதுதான்.

அந்தப் பெரிய வெள்ளைத் தொட்டியில் என்ன இருக்கிறது?

வெறும் தண்ணீர். மேலே வெதுவெதுப்பு, கீழே குளிர்ச்சி. குளிர்ந்த தண்ணீர் கனமானது என்பதால் அடியில் தங்கும். மேலே சூடான தண்ணீர் மிதக்கும். நடுவில் ஒரு மீட்டர் அளவில் மெல்லிய மாறுதல் அடுக்கு. தடுப்புச் சுவர் எதுவும் இல்லை. தண்ணீரை மிக மெதுவாக, கலங்காமல் உள்ளே விடுவதுதான் முழு வித்தையும். அந்த மாறுதல் அடுக்கு தொட்டியில் சிறு பங்காகவே இருக்க வேண்டும் என்பதால்தான் தொட்டி அகலமாக இல்லாமல் உயரமாக நிற்கிறது. தண்ணீரின் அடர்த்தி 4 டிகிரியில் உச்சம் தொட்டு, அதற்குக் கீழே குறையத் தொடங்குவதால், இந்த வகைத் தொட்டியில் 4 டிகிரிக்குக் கீழே போக முடியாது, அடுக்கு கலைந்துவிடும்.

ஹூஸ்டன் நிலையத்தின் தொட்டி 88 லட்சம் கேலன், அதாவது சுமார் 3.3 கோடி லிட்டர் கொள்ளும். கணக்குப் புரிவதற்கு ஒரு கோடி லிட்டர் தொட்டியை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் 6 டிகிரியில் போய் 14-ல் திரும்பினால் அது சுமார் 93,000 கிலோவாட்-மணி வெப்பத்தை வாங்கும். 10,000 டன் சுமையை இரண்டரை மணி நேரம் தாங்கலாம், ஒரு சில்லர்கூட ஓடாமல். பம்பை ஓட்ட மட்டும் மின்சாரம் போதும். அதைச் சின்ன ஜெனரேட்டரே தரும்.

சாதாரண நாட்களில் இதன் வேலை வேறு. மின்சாரம் மலிவாகவும் வெளிக்காற்று குளிர்ச்சியாகவும் இருக்கும் இரவில் தொட்டியை நிரப்பி, மதியத்தில் காலி செய்வார்கள். இப்படிச் சேமித்தே தொட்டி தன் செலவைத் திருப்பிவிடும். அவசரத்துக்கு உதவுவது இனாம்.

சொந்தமாக மின்சாரம் தயாரிக்கும் நிலையங்களும் உண்டா?

உண்டு. ஹூஸ்டனில் 2010-ல் 48 மெகாவாட் எரிவாயு டர்பைன் ஒன்று நிறுவப்பட்டது. டர்பைன் மின்சாரம் தரும். அதன் சூடான புகையிலிருந்து நீராவி எடுப்பார்கள். மின்சாரத்தை எங்கோ ஒரு நிலையத்தில் வாங்கி, நீராவியைத் தனிப் பாய்லரில் எடுத்தால் எரிபொருளின் பாதிதான் பயன்படும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் முக்கால் பங்குவரை பயன்படும். மீதியாகும் நீராவியில் லித்தியம் புரோமைடு உறிஞ்சு சில்லரை (மின்சாரத்துக்குப் பதில் வெப்பத்தால் இயங்குவது) ஓட்டிக் குளிர்நீரும் எடுக்கலாம். ஆனால் எரிவாயு எரிகிறது என்பது மாறாது. பொது மின்கட்டமைப்புக்கு வரும் மின்சாரம் காற்றிலும் வெயிலிலும் இருந்து அதிகமாக வர வர, இந்த வாதத்தின் பலம் குறைகிறது. ஸ்டான்ஃபோர்ட் எதிர்த்திசையில் போனதற்கு அதுவும் ஒரு காரணம். புயல் அடிக்கும் ஊரில் மட்டும் இதற்குத் தனி மதிப்பு இருக்கிறது.

புயல், வெள்ளம் வந்தால்?

2001 ஜூனில் அலிசன் புயல் மழை ஹூஸ்டன் மருத்துவ வளாகத்தின் அடித்தளங்களையும் சுரங்கப்பாதைகளையும் நிரப்பியது. மின் பலகைகள் அடித்தளத்தில் இருந்தன. மருத்துவமனைகள் இருண்டன, நோயாளிகளை வெளியேற்ற வேண்டி வந்தது. அதன்பின் நீர்புகாக் கதவுகள், உயர்த்திக் கட்டிய மின்கருவிகள் என்று பெரும் செலவு செய்தார்கள். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் அதைவிட அதிக மழையைக் கொட்டியபோது, குளிர்–வெப்ப நிலையம் நிற்காமல் ஓடியது.

இடையில் 2012 அக்டோபர் இறுதியில் நியூயார்க்கை சாண்டி புயல் தாக்கியது. பெல்வியூ மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் 13-ஆவது மாடியில் பத்திரமாக இருந்தன. எரிபொருள் பம்புகள் அடித்தளத்தில் மூழ்கின. ஊழியர்கள் எரிபொருளைப் படிக்கட்டு வழியே கைமாற்றி மேலே ஏற்றினார்கள்; கடைசியில் மருத்துவமனையைக் காலி செய்யத்தான் வேண்டியிருந்தது. எனவே "ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேட்டால் போதாது. அதற்கு எண்ணெய் ஏற்றும் பம்பு, அதன் சுவிட்ச், குளிர்நீர்ப் பம்பின் கட்டுப்பாட்டுப் பெட்டி, இவற்றில் எது வெள்ள மட்டத்துக்குக் கீழே இருக்கிறது என்று கேளுங்கள்.

கூலிங் டவரிலிருந்து வரும் புகை ஆபத்தா?

கண்ணுக்குத் தெரியும் வெள்ளை மூட்டம் நீராவி குளிர்ந்ததுதான், புகை இல்லை. அதோடு சேர்ந்து வெளியேறக்கூடிய நுண்துளிகளைத்தான் கவனிக்க வேண்டும். லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா 25 முதல் 45 டிகிரித் தண்ணீரில் நன்றாகப் பெருகும். கண்டன்சர் தண்ணீரின் 29–35 டிகிரி சரியாக அந்த வரம்புக்குள் விழுகிறது. துளியை மூச்சில் இழுத்தால் கடுமையான நிமோனியா வரலாம். முதியவர்களுக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் ஆபத்து அதிகம். மருத்துவமனை வளாகத்தில் நிறைந்திருப்பவர்களே அவர்கள்தான்.

1976-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கியபோதுதான் இந்த நோய் வெளிச்சத்துக்கு வந்தது. 2015-ல் நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸில் ஒரு ஹோட்டலின் கூலிங் டவரிலிருந்து பரவி 138 பேருக்கு நோய் வந்தது, 16 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகே அந்த நகரம் எல்லாக் கூலிங் டவர்களையும் பதிவு செய்து சோதிக்கச் சட்டம் போட்டது.

தடுப்பது கடினமான அறிவியல் அல்ல, சலிக்காமல் செய்ய வேண்டிய வேலை. கிருமிக்கொல்லி தவறாமல் போக வேண்டும். பாசியும் சகதியும் படியாமல் கழுவ வேண்டும். துளித் தடுப்புத் தட்டுகள் உடையாமல் இருக்க வேண்டும். மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். பல நாள் நிறுத்திவைத்த டவரைச் சுத்தம் செய்யாமல் ஓட்டுவதுதான் பெரிய தவறு. வார்டுகளின் வெளிக்காற்று வாயில் டவரிலிருந்து காற்று வீசும் திசையில் இருக்கக் கூடாது என்பதை வரைபடத்திலேயே பார்த்துவிட வேண்டும். கட்டியபின் ஒன்றும் செய்ய முடியாது.

அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு வேறு தொல்லை?

சத்தம் உண்டு, மின்விசிறியின் தாழ்ந்த முழக்கம் இரவில் தூரம் போகும். எரிபொருள் எரிக்கும் நிலையத்தில் புகைபோக்கியும் உண்டு. பாஸ்டன் லாங்வுட் பகுதிக்கு ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1970களில் கட்டத் தொடங்கிய நிலையத்தில் டீசல் என்ஜின்கள் திட்டமிடப்பட்டிருந்தன. அவற்றின் நைட்ரஜன் டைஆக்சைடை எதிர்த்து அக்கம்பக்கத்தார் போராடினார்கள். என்ஜின்களுக்கான அனுமதி ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. அந்தக் குடியிருப்பாளர்கள் வெறுமனே முட்டுக்கட்டை போட்டார்கள் என்று சொல்லும் பொறியாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நோயாளிகளுக்கு மத்தியில் டீசல் எரிப்பதைக் கேள்வி கேட்பது சரிதான்.

தண்ணீர் எவ்வளவு செலவாகும்?

ஒரு டன் சுமை ஒரு மணி நேரத்துக்கு ஆவியாக்குவது சுமார் 6 லிட்டர். 10,000 டன் நாள் முழுக்க ஓடினால் 14 லட்சம் லிட்டருக்கு மேல். உப்புச் சேராமல் அவ்வப்போது வெளியேற்றும் தண்ணீர் தனிக்கணக்கு. ஏர் ஹேண்ட்லர் காயில்களிலிருந்து வடியும் தண்ணீர் கிட்டத்தட்ட உப்பே இல்லாதது. அதைச் சேர்த்து டவருக்கு அனுப்பலாம்.

எங்கள் கட்டடத்துக்குத் தண்ணீர் 6 டிகிரியில்தான் வருகிறது. ஆனாலும் போதவில்லை. தவறு யாருடையது?

பெரும்பாலும் உங்கள் கட்டடத்துடையது. கோபப்படாமல் கேளுங்கள். 1,000 டன் சுமைக்கு, தண்ணீர் 6-ல் வந்து 14-ல் திரும்பினால் விநாடிக்கு 105 லிட்டர் போதும். அதே தண்ணீர் 10 டிகிரியிலேயே திரும்பினால், அதே குளிர்ச்சிக்கு 210 லிட்டர் வேண்டும். ஓட்டம் இருமடங்கானால் பம்பின் மின்சாரம் ஏட்டுக்கணக்குப்படி எட்டு மடங்கு. குழாயின் அகலமோ மாறாது. கடைசியில் இருக்கும் கட்டடத்துக்குத் தண்ணீர் எட்டாமல் போகும். நிலையத்தில் சில்லர் பாதிச் சுமையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓட்டம் போதவில்லை என்று இன்னொரு சில்லரைப் போட வேண்டி வரும். பம்பின் வேகத்தை முதலில் பார்ப்பேன் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

காரணங்கள் எப்போதும் சில்லறையானவை. குளிர்நீரைக் காயிலைச் சுற்றி நேராகத் திருப்பிவிடும் பழைய மூவழி வால்வுகள். தேவைக்கு மேல் பெரிதாகப் போட்ட வால்வு. அழுக்கேறிய காயில். யாரோ ஒருவர் புகார் வந்த அன்று காற்றின் வெப்பநிலையை 10 டிகிரிக்குக் குறைத்துவைத்துவிட்டு மறந்தது. காயிலால் எட்டவே முடியாத அந்த இலக்கைத் துரத்தி வால்வு முழுக்கத் திறந்தே கிடக்கும். எந்தக் கட்டடம் குளிர்ந்த தண்ணீரைத் திருப்பி அனுப்புகிறது என்று வாரம் ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அறுவை மருத்துவர் தியேட்டரை 16 டிகிரிக்குக் கேட்கிறார். கொடுக்க முடியுமா?

வழக்கமான வடிவமைப்பு 20 முதல் 24 டிகிரிக்குத்தான். ஈய அங்கியும் மேலங்கியும் அணிந்து பல மணி நேரம் விளக்கின்கீழ் நிற்பவர் 16 கேட்பதில் வியப்பில்லை. ஆனால் 16 டிகிரியில் ஈரப்பதத்தைக் காப்பாற்ற, காற்றைப் பிழிய வழக்கமான 12, 13 டிகிரிக்கு வெகு கீழே இறக்க வேண்டியிருக்கும். 6 டிகிரித் தண்ணீரால் அது எளிதல்ல. அந்தத் தியேட்டர்களுக்கு மட்டும் தனியாக ஒரு சிறு குளிரூட்டும் சுற்றோ, ஈரம் உறிஞ்சும் சக்கரமோ வைக்கலாம். நாலு தியேட்டருக்காக வளாகம் முழுவதன் தண்ணீரையும் 4 டிகிரிக்கு இறக்கச் சொல்வது நடக்கிற காரியம் இல்லை.

குளிரூட்டி வாயு கசிந்தால் நோயாளிகளுக்கு ஆபத்தா?

வாயு நிலையத்தின் இயந்திர அறையைத் தாண்டாது. அங்கே உணர்கருவியும் வெளியேற்று விசிறியும் இருக்கும். புவி வெப்பமாதல்தான் பெரிய கவலை: பல சில்லர்களில் உள்ள ஆர்-134ஏ என்ற குளிரூட்டி வாயு ஒரு கிலோ கசிந்தால் 1,430 கிலோ கார்பன் டைஆக்சைடுக்குச் சமம். புதிய சில்லர்களில் வரும் ஆர்-1233இசட்டி-யில் இந்த மதிப்பு 1 அளவில்தான்.

பில் எப்படிப் போடுகிறார்கள்?

நுழைவில் ஓட்டத்தையும், போகும்–வரும் தண்ணீரின் வெப்பநிலை வித்தியாசத்தையும் மீட்டர் பெருக்கிப் பார்க்கும். இதோடு, உங்களுக்காக ஒதுக்கிவைத்த உச்சத் திறனுக்கு ஒரு நிலைக்கட்டணமும் இருக்கும். சில இடங்களில் தண்ணீரைப் போதிய சூடில்லாமல் திருப்பி அனுப்பினால் அபராதமும் உண்டு. அபராதம் வந்த பிறகுதான் பழைய மூவழி வால்வுகள் மாறுகின்றன என்பதைப் பார்த்திருக்கிறேன்.

புதிய மருத்துவமனை ஒன்று இணையப் போகிறது. ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

விலையைக் கடைசியில் பாருங்கள். கோடை உச்சத்தில் உங்கள் வாசலில் தண்ணீர் எத்தனை டிகிரியில், எவ்வளவு அழுத்த வித்தியாசத்தில் வரும் என்ற உத்தரவாதம் எழுத்தில் இருக்கிறதா? வெப்பப் பரிமாற்றி யாருடையது, அதைக் கழுவுவது யார்? மீட்டரை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை, யார் முன்னிலையில் சரிபார்ப்பார்கள்? எல்லாவற்றுக்கும் மேலாக, திறன் பாதியாகக் குறைந்தால் யாருக்கு முதலில் வெட்டுவார்கள் என்ற வரிசை வேண்டும். அலுவலகங்கள், வகுப்பறைகள், வெளிநோயாளி அறைகள் முதலில் போக வேண்டும், தியேட்டர், ஐ.சி.யு., எம்.ஆர்.ஐ., சர்வர் அறை கடைசிவரை நிற்க வேண்டும். இதை வால்வு வாரியாக எழுதி, ஆண்டுக்கு ஒருமுறை உண்மையிலேயே மூடித் திறந்து பார்க்க வேண்டும். பல ஆண்டு தொடாத வால்வு, தேவைப்படும் அன்று திரும்பாது.